எத்திராஜின் நாடி

டிரெய்லர் சாவியோடு சேர்த்து
மேசையில் அவர் போட்ட கறுப்பு ரப்பர் பட்டை
செத்த பூரான் மாதிரி கிடந்தது.
"தினம் பத்தாயிரம் அடி நடக்கணுமாம்.
நடந்தா இன்சூரன்ஸ்ல நூத்துக்குப் பன்னெண்டு தள்ளுபடி.
ஸ்டியரிங்கப் புடிச்சிகினு எங்கேருந்து நடக்கறது?"

முதல் வாரம் அவர் கையில்தான் இருந்தது.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை
எர்ணாவூர் வரைக்கும் ஊர்ந்தது.
பள்ளத்தில் ஏறி இறங்கிய ஒவ்வொரு குலுக்கலையும்
ஓர் அடி என்று எழுதிக்கொண்டது பட்டை.
திங்கட்கிழமை மட்டும் நாலாயிரத்து இருநூறு.
"ரோடே எனக்காக நடக்குது" என்று சிரித்தார்.
அப்புறம் தார் போட்டார்கள்.
எண்ணிக்கை விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அது என் கைக்கு வந்தது.

எம்.சி. ரோட்டில் புடவைக் கடை.
கீழே கவுன்ட்டர், மூன்றாம் மாடியில் குடோன்.
"அதே டிசைன்ல கிளிப்பச்சை" என்று யாராவது கேட்டால்
நாற்பத்தெட்டுப் படி.
இது வேண்டாம், மயில் கழுத்து நிறம் என்றால்
மறுபடியும் நாற்பத்தெட்டு.
வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போடணும் என்று சட்டம் வந்தது.
நாற்காலியும் வந்தது.
அதில் ஃபால்ஸ் துணிக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

பகல் மூன்று மணிக்கெல்லாம்
மணிக்கட்டில் ஒரு துடிப்பு, குட்டித் திரையில் வாணவேடிக்கை:
சபாஷ் எத்திராஜ்!

ஓட்டும்போது எடுக்க முடியாதென்று
என் நம்பரைத்தான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.
ஒரு நாள் போன் வந்தது. இளம் குரல், பெயர் சஹானாவாம்.
"எத்திராஜ் சாரோட வெல்னஸ் கோச் பேசறேன்."
லோடு ஏத்தப் போயிருக்காரு, சொல்லுங்க என்றேன்.

"சார் நல்லா நடக்கறாரு மேடம்.
ஆனா தூக்கம் நாலு மணி நேரம்தான் காட்டுது.
ராத்திரி மூணு நாப்பதுக்கு
திடீர்னு நாடி நூத்திப் பதினெட்டுக்குப் போகுது.
அந்த நேரத்துல சார் என்ன பண்றாரு?"

தண்ணி லாரி ஹாரன் அடிக்கிற நேரம் அது.
ஆறு குடம், ஹவுசிங் போர்டின் இரண்டாம் மாடி.
"கெட்ட கனவு வருதோ என்னமோ" என்றேன்.

"சும்மா இருக்கும்போதும்
நடுவுல ஒரு துடிப்பு விட்டுப்போகுது மேடம்.
அலட்சியமா விடாதீங்க.
நெஞ்சு படபடப்பு இருக்கான்னு
கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

இருக்கு என்று சொன்னேன்,
கேட்டுவிட்டு வந்தவள்போல
கொஞ்ச நேரம் கழித்து.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம்.
நான் எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று
முதன்முதலில் கேட்டவள் இந்தப் பெண்.
போனை வைக்க மனசில்லை.
"அவருக்கு முதுகும் வலிக்குது" என்று சேர்த்துக்கொண்டேன்.

திருவொற்றியூர் லேபில் கம்பெனி செலவில் பரிசோதனை.
அவர் போனார். இதயம் குதிரை மாதிரி இருக்காம்,
சர்க்கரைதான் இருநூற்றெண்பது.
தினம் பதினான்காயிரம் அடி நடக்கிற ஆளுக்கு
எப்படி என்று டாக்டர் குழம்பிப்போனாராம்.
தள்ளுபடியில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம்.
அன்றைக்கு அரைக் கிலோ பிரியாணியோடு வந்தார்,
எனக்குப் பிடித்த லெக் பீஸ் தனிப் பொட்டலமாக.
அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு.
பாலிசியில் என் பெயர் கிடையாது, ஸ்டான்லிக்குப் போனேன்.
ஓ.பி. சீட்டு வரிசை வாசலைத் தாண்டி
வெயிலுக்கு வந்திருந்தது.
எனக்கு முன்னால் அறுபது பேராவது இருப்பார்கள்.
ஒரு மணி நேரம் ஆனதும் பட்டை துடித்தது:
எத்திராஜ், அசையாமல் இருக்கிறீர்கள்.
எழுந்து கொஞ்சம் நடங்களேன்!

நகர்ந்தால் இடம் போய்விடும்.
நின்ற இடத்திலேயே
இடது காலை, வலது காலை, மறுபடி இடது காலை
தூக்கித் தூக்கி வைத்தேன்.
பின்னால் நின்ற அம்மாள்,
தோளில் எக்ஸ்ரே கவரோடு,
என் காதருகே குனிந்தாள்:
"அவசரமா? போய்ட்டு வாம்மா.
இடத்த நான் பாத்துக்கறேன்."